சித்திரையில் பனிமலை ஏறுவோருக்கு: உருகும் பனியில் உடுப்பதும் நடப்பதும்

கோலாலம்பூரிலிருந்து பனி பார்க்கப் புறப்படும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் குளிரை மட்டுமே மனத்தில் வைத்துப் பெட்டி கட்டுகின்றன. டிசம்பரிலோ ஜனவரியிலோ ஹொக்கைடோவுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும். சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு ஜப்பானின் தாத்தேயாமா மலைக்கு, சாலைக்காகப் பனியை வெட்டியதால் எழும் பனிச்சுவர் காணப் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. கடுங்குளிர்காலம் முடிந்தும் குவிந்த பனி மலையை விட்டு இறங்காமல் இருக்கும் அந்த வாரங்களில் ஆளை முதலில் படுத்துவது ஈரம், அடுத்தது வெயில், அதற்கடுத்தது, எந்த மணிக்கு எங்கே நிற்கிறோம் என்பது. குளிர் இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

தாத்தேயாமா குரோபே மலைப்பாதை, தொயாமா மாநிலத்தையும் நகானோ மாநிலத்தையும் மலைகளுக்கு ஊடாக இணைப்பது. தண்டவாளத்தில் கம்பியால் இழுக்கப்படும் கேபிள் கார், பேருந்து, அந்தரத்தில் தொங்கிச் செல்லும் கூண்டு என்று மாறி மாறி ஏறி இதைக் கடக்க வேண்டும். நவம்பர் இறுதியில் மூடப்படும் இப்பாதை ஏப்ரல் நடுவில் மீண்டும் திறக்கப்படுகிறது. இதன் மிக உயரமான நிலையமாகிய முரோடோ 2,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. பனிச்சுவர் இருப்பதும் அங்கேதான்.

எந்தப் பனியின் மேல் நடக்கிறோம்

குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கடற்கரைக்குச் சற்று உள்ளே 3,000 மீட்டர் வரை எழும் மலைகளில் மோதி அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. முரோடோவில் சராசரியாக 7 மீட்டர் ஆழத்துக்குப் பனி படிகிறது. அதன் அருகிலுள்ள ஒரு தாழ்வான பகுதியில் காற்று மேலும் கொண்டுவந்து குவிப்பதால், சாலைக்காக வெட்டப்படும் பனிச்சுவர் பனி மிகுந்த ஆண்டுகளில் 20 மீட்டரை எட்டுகிறது. புதைந்து கிடக்கும் சாலை எங்கே இருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் வழிகாட்டியின் துணையோடு கண்டறிந்து, புல்டோசர்கள் அடுக்கடுக்காகச் சீவிக்கொண்டே இறங்குகின்றன.

புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 100 கிலோவுக்குள் அடங்கிவிடும். தன் பாரத்தாலேயே அமுங்கி, பகலில் சிறிது உருகி இரவில் மீண்டும் உறைந்து பழுத்த ஏப்ரல் பனியோ கன மீட்டருக்கு 400 முதல் 500 கிலோ வரை எடையுள்ளது. கணக்குப் போட்டுப் பார்த்தால், 7 மீட்டர் பனி என்பது சுமார் 3,000 மில்லிமீட்டர் நீர். கோலாலம்பூரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை 2,500 மில்லிமீட்டரை ஒட்டியது. அதைவிடக் கூடுதலான நீர் அந்த மலையில் நின்றபடியே இருக்கிறது. அது கிளம்பத் தொடங்கும் வேளையில்தான் நாம் அதன்மேல் நடக்கப் போகிறோம். ஆனாலும் அது சட்டென்று போய்விடாது. உறைநிலையில் உள்ள ஒரு கிலோ பனியை உருக்குவதற்கு வேண்டிய வெப்பம், அதே ஒரு கிலோ நீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப் போதுமானது. பகல் வெப்பநிலை 10 டிகிரியைத் தொட்ட பிறகும் மலையில் வாரக்கணக்கில் பனி நிலைத்திருப்பதற்குக் காரணம் இதுவே. சில பள்ளத்தாக்குகளில் அது கோடையிலும் கரைவதில்லை. தாத்தேயாமா, சுருகி மலைகளிலுள்ள மூன்று நிரந்தரப் பனித்திட்டுகள் மெல்ல நகர்வது அளந்து காட்டப்பட்டு, 2012ஆம் ஆண்டில் பனியாறுகளாக ஏற்கப்பட்டன.

சுவரருகே நிற்கும்போது படமெடுத்த கையோடு நகர்ந்துவிடாமல், ஒரு கை தூரத்தில் நின்று அதன் பரப்பைப் பார்ப்பது நல்லது. வெண்மைக்கு நடுவே விரல் தடிமனில் கண்ணாடி போன்ற ஒரு கோடு ஓடினால், குளிர்காலத்தின் நடுவில் என்றோ ஒரு நாள் வெப்பம் ஏறியோ மழை பெய்தோ பிறகு உறைந்திருக்கிறது என்று பொருள். மேற்பகுதியில் பழுப்பேறிய கோடு தெரிந்தால், அது மங்கோலிய, வடசீனப் பாலைகளிலிருந்து இளவேனிலில் பறந்து வரும் மஞ்சள் தூசியாக இருக்கலாம். அழுக்கான பனி வெயிலை அதிகமாக உறிஞ்சுவதால் வெள்ளைப் பனியைவிட வேகமாக இளகும். நடக்கும் இடத்திலும் இதே விதிதான்: பழுப்பேறிய பகுதியில் கால் முன்னதாகப் புதையும்.

ஈரத்துக்கு உடுப்பது

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திச் செல்கிறது. பூச்சியத்துக்குக் கீழே பத்து டிகிரியில் காய்ந்த உடையோடு நிற்பவர் தாக்குப்பிடிப்பார். பூச்சியத்துக்கு மேலே மூன்று டிகிரியில், நனைந்த ஜீன்ஸும் பருத்திக் காலுறையும் அணிந்து காற்றில் நிற்பவர் அரை மணியில் நடுங்கத் தொடங்குவார். ஆகவே பருத்தியை அறவே தவிர்க்க வேண்டும். உள்ளாடையும் பருத்தியாக இருக்கக் கூடாது. உடம்பை ஒட்டிய முதல் அடுக்கு பாலியஸ்டர் அல்லது மெல்லிய கம்பளி, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் பஞ்சுபோன்ற செயற்கைத் துணி, எல்லாவற்றுக்கும் மேலே நீர்புகா மேலங்கியும் நீர்புகா முழுக்காற்சட்டையும். மேலங்கியை மறவாதவர்களும் காற்சட்டையை மறந்துவிடுகிறார்கள். பனியில் உட்காராத பிள்ளை எங்கும் இல்லை. பிள்ளைகளுக்கு முதலில் வாங்க வேண்டியது அதுதான். திரைப்படப் பாடல்களை நம்பிப் பட்டுப்புடவையில் படமெடுக்க விரும்பும் அக்காமார்கள், உள்ளே முதல் அடுக்கை அணிந்துகொண்டு, ஐந்து நிமிடத்தில் ஆசையைத் தீர்த்துக்கொள்வது உத்தமம்.

தடித்த இறகு மெத்தை ஜாக்கெட்டுதான் பனிக்கு ஏற்றது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. நனைந்த இறகு ஒட்டிச் சுருங்கிச் சூட்டைத் தேக்கும் தன்மையை இழந்துவிடுவதால், இளகும் பனிக்கும் மழைக்கும் அது வெளியுடையாகாது. பண்டல் கடைகளில் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வரும் பழைய மேலங்கிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குவதில் தவறில்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். அங்கியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். தையல்களின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய பட்டையைத் தோள்பட்டையிலும் தலைமூடியின் கழுத்தடியிலும் நகத்தால் லேசாக நெருடிப் பாருங்கள். பட்டை உரிந்து வந்தாலும், உட்பூச்சு பிசுபிசுவென்று விரலில் ஒட்டினாலும், வெள்ளைப் பொடியாக உதிர்ந்தாலும், அது நம் ஊர் ஈரப்பதத்தில் கெட்டுப்போன அங்கி. எந்த நிறுவனத்தின் முத்திரை இருந்தாலும் மழையைத் தாங்காது. தேறிய அங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஏப்ரல் மாலைகளில் தவறாமல் இடித்துப் பெய்யும் மழையில் பத்து நிமிடம் அணிந்து நின்றால் மீதிச் சோதனையும் முடிந்துவிடும். புதிதாகவே வாங்குவோருக்கு டெகத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் கிடைக்கும் சாதாரண மலையேற்ற மழையங்கியே போதுமானது.

காலணி எல்லாவற்றையும்விட முக்கியம். ஓட்டக் காலணியின் வலைத்துணி வழியாக இளகிய பனி சில நிமிடங்களில் உள்ளே இறங்கிவிடும். ஆழமான பற்களுள்ள நீர்புகாக் காலணி சிறந்தது. அதற்குச் செலவிட மனமில்லாதவர்கள், தோட்டத்தில் பால்மரம் சீவப் போன நம் தாத்தா பாட்டிமார் அணிந்த ரப்பர் பூட்ஸ் போன்ற ஒன்றை, தடித்த கம்பளிக் காலுறை நுழையும் அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானியப் பனிநாட்டு மக்களும் அன்றாடம் ரப்பர் பூட்ஸையே அணிகிறார்கள். இறுகிய பனிக்கட்டியில் மட்டும் அது வழுக்கும். காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள் சங்கிலி ஒரு சோடி இருந்தால் அந்தக் கவலையும் இல்லை. முட்களை விமானத்தில் கைப்பையில் வைக்காமல், சரக்குப் பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டும். புதுக் காலணியாக இருந்தால், புக்கிட் காசிங் காட்டுப்பாதையில் மழை விட்டதும் சில முறை ஏறி இறங்கிப் பழக்கிக்கொள்ளுங்கள். குதிகால் உரசுகிறதா, இறக்கத்தில் பெருவிரல் முன்னே முட்டுகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து வரும் ஈரத்தைப் போலவே உள்ளிருந்து வரும் ஈரமும் தொல்லை தரும். மலைப் பேருந்துகளில் வெப்பமூட்டி ஓடும். எல்லா அடுக்குகளோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வியர்த்துவிட்டு, அப்படியே காற்றில் இறங்கினால் அந்த வியர்வை முதுகில் குளிர்ந்துவிடும். ஏறியவுடன் மேலங்கியைக் கழற்றி, இறங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அணிவதே முறை. கையுறை இரண்டு சோடி, காலுறை இரண்டு சோடி, எல்லாம் பிளாஸ்டிக் பையில்.

மணியைப் பார்த்து நடப்பது

கோலாலம்பூரில் காலை ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. ஏப்ரல் பிற்பகுதியில் தொயாமாவில் ஐந்து மணியை ஒட்டியே சூரியன் எழுந்துவிடுகிறது. நிதானமாகப் பசியாறிவிட்டுப் பத்து மணிக்குக் கிளம்புகிறவர், ஐந்து மணி நேரம் வெயில் பட்டு இளகிய பனியைத்தான் மிதிப்பார். இந்த வேறுபாட்டை நம்மவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தெளிந்த வானமுள்ள இரவில், காற்றின் வெப்பநிலை பூச்சியத்துக்குச் சற்று மேலே இருந்தாலும், பனியின் மேற்பரப்பு தன் சூட்டை வானுக்கு இழந்து இறுகிவிடும். விடியற்காலையில் அது பலகை போல் கெட்டியாக இருக்கும். நடந்தால் புதையாது, ஆனால் சரிவில் வழுக்கினால் நிற்காது. முள் சங்கிலி பயன்படுவது அப்போதுதான். முற்பகலில் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, பெருஞ்சீனியைக் கொட்டிவைத்தது போன்ற பரல்களாக மாறும். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் நடக்க உகந்த நேரம் அதுவே. நண்பகலுக்குப் பிறகு கால் கணுக்கால் வரை புதையும். பின்மாலையில் முழங்கால் வரை இறங்கக்கூடும், உள்ளே மாட்டிய கால் முறுக்கிக்கொள்ளும் ஆபத்தும் அப்போதுதான் அதிகம். ஆகவே முந்தைய இரவு வானம் தெளிந்திருந்ததா என்று கேட்டறிவது, மறுநாள் வெப்பநிலையைப் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. இரவு முழுதும் மேகம் மூடியிருந்தாலோ மழை பெய்திருந்தாலோ பனி இறுகியே இருக்காது. அன்று காலையிலிருந்தே அது பலவீனமானது என்று கொண்டு, பேருந்து நிலையத்தையும் பனிச்சுவர்ச் சாலையையும் தாண்டாமல் இருப்பது நல்லது.

நடக்கும் முறை எளிது. எடுத்துவைக்கும் அடி சிறியதாக இருக்க வேண்டும். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் படிய வேண்டும். முழங்கால் சற்று மடங்கியிருக்க, உடம்பின் பாரம் முன்வைத்த காலின் மேல் விழ வேண்டும். கைகளைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு நடப்பவர் விழுந்தால் முகத்தில்தான் விழுவார். இளகிய சரிவில் இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்க்காமல், குதிகாலை அழுத்திப் பதித்து ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். முன்னே சென்றவரின் காலடிக் குழிகளிலேயே கால் வைத்தால் பாதி உழைப்பு மிச்சம்.

பாறை, குட்டைப் பைன் புதர், கட்டடச் சுவர் ஆகியவை வெயிலில் சூடேறித் தம்மைச் சுற்றியுள்ள பனியை அடியிலிருந்து உருக்குகின்றன. மேலே பார்த்தால் சமதரையாகத் தெரியும். கீழே குடைவாக இருக்கும். அவற்றிலிருந்து இரண்டு மீட்டராவது விலகி நடக்க வேண்டும். பனிக்கு அடியில் நீர் ஓடும் ஓசை கேட்டால் அந்தக் கோட்டைக் கடக்கவே கூடாது. சரிவின் குறுக்கே பிறை வடிவில் பிளவு தெரிந்தால், உருகிய நீர் அடிமண் வரை இறங்கிப் பனிப்படிவு முழுவதும் தரையை விட்டு வழுக்கத் தொடங்கியிருக்கிறது என்று அறிய வேண்டும். அந்தச் சரிவின் மேலும் கீழும் நிற்கக் கூடாது. குளிர்காலம் எவ்வளவு கடுமையாக இருந்ததோ அவ்வளவுக்கு இந்தக் குடைவுகளும் பிளவுகளும் நீண்ட நாள் நீடிக்கும். முரோடோவில் கம்பு நட்டுக் கயிறு கட்டிக் காட்டிய வழியை விட்டு விலகாதிருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நம்மை அணுகா. அங்கே கயிற்றைத் தாண்டிப் படமெடுப்பவர்களைப் பார்த்தால், அவர்கள் நம் ஊர்க்காரர்களாகவே இருந்தாலும், பின்தொடர வேண்டாம்.

வெயில், உயரம், உடம்பு

பழைய பனி வெயிலில் ஏறத்தாழ பாதியைத் திருப்பி அனுப்புகிறது. புதுப்பனி பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். போதாக்குறைக்கு, உயரம் 1,000 மீட்டர் கூடும்போது புறஊதாக் கதிர் ஏறத்தாழ பத்து விழுக்காடு கூடுகிறது. கறுத்த தோல் கருகாது என்பது வெறும் வாய்ப்பேச்சு. கீழிருந்து எதிரொளிக்கும் வெயில், தாடையின் அடிப்பகுதியிலும் மூக்கின் உட்புறத்திலும் காது மடலின் பின்னாலும் சுடும். வெயில் காப்புக் களிம்பை அந்த இடங்களிலும் தடவ வேண்டும். கறுப்புக் கண்ணாடி, பிள்ளைகளுக்கும் சேர்த்து, புறஊதாவை முழுமையாகத் தடுப்பதாக இருக்க வேண்டும். கண்ணில் ஏற்படும் பனிச்சூடு அப்போதே தெரியாது. பல மணி நேரம் கழித்து, இரவில், மணல் விழுந்தது போல் உறுத்தி நீர் வழியும்.

உயரம் 100 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி குறையும். கோலாலம்பூரில் புழுங்கும் நாளில் கெந்திங் மலையில் சட்டைக்கு மேல் இன்னொன்றைத் தேடுகிறோமே, அதே கணக்குதான்: தொயாமா நகரில் 15 டிகிரியில் செர்ரி பூத்திருக்கும் நாளில் முரோடோவில் பூச்சியத்தை ஒட்டி இருக்கும், காற்றடித்தால் இன்னும் குறைவாக உணரப்படும். ஏப்ரலிலும் அங்கே பனிப்புயல் வீசுவது உண்டு. 2,450 மீட்டரில் சிலருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். கினாபாலு ஏறிய இளைஞர்களுக்கு இது பெரிதல்ல, இதய நோயுள்ள தாத்தா பாட்டிமார் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்குள்ள எரிமலைப் பள்ளத்திலிருந்து கந்தக வாயு வருவதால், ஆஸ்துமா உள்ளவர்கள் எச்சரிக்கைப் பலகைகளை மதித்து அந்தத் திசையைத் தவிர்க்க வேண்டும்.

நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. காலில் உணர்வு குறைந்தவர்களுக்குக் காலுறை நனைந்ததும் தெரியாது, கொப்புளம் எழும்பியதும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உட்காரவைத்து, காலணியைக் கழற்றி, பாதத்தை இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஜப்பானியக் கடைகளில் கிடைக்கும் ஒட்டும் சூட்டுப்பையை அவர்களின் காலில் ஒட்டவே கூடாது. உணர்வில்லாத தோலில் அது மெல்ல மெல்லப் புண்ணாக்கிவிடும். மற்றவர்களும் அதைத் தோலில் நேராக ஒட்டாமல் உடையின் மேல்தான் ஒட்ட வேண்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. வெளிப்பையில் வைக்காமல், மேலங்கிக்கு உள்ளே, உடம்பின் மேல் நேராகப் படாதவாறு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை அளக்கும் கருவியும் அதிகக் குளிரில் இயங்க மறுக்கலாம் என்பதால் அதையும் உள்ளேயே வைக்க வேண்டும்.

யாராவது இடைவிடாமல் நடுங்கினாலோ, கால் தடுமாறி, பேச்சுக் குழறி, சொன்னதைக் கேளாமல் போனாலோ, கட்டடத்துக்குள் அழைத்துச் சென்று ஈர உடையை மாற்றி, தெளிவாக விழுங்க முடிந்தால் குடுவையில் கொண்டுபோன சூடான மைலோவைக் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. ஜப்பானில் ஆம்புலன்ஸுக்கு அழைக்கும் எண் 119.

புறப்படுவதற்கு முன்னும் திரும்பிய பின்னும்

மலேசியக் கடப்பிதழுக்குச் சுற்றுலாவாக 90 நாள் வரை விசா தேவையில்லை. தோக்கியோவிலிருந்து தொயாமாவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏப்ரல் இறுதியிலிருந்து மே 5 வரை ஜப்பானியர்களின் தொடர் விடுமுறை. அந்த நாள்களைத் தவிர்த்து, கேபிள் கார் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். முதல் வண்டிகளில் இடம் கிடைத்தால், மேலே சொன்ன முற்பகல் நேரம் உங்கள் கைக்கு வரும். பெரிய பெட்டிகளை மலைக்கு மேல் இழுத்துச் செல்ல முடியாது; மறுபக்கத்துக்கு அனுப்பிவைக்கும் சேவை உண்டு, ஆனால் மாற்றுக் காலுறையை அதில் போட்டுவிடாதீர்கள். இறைச்சி கலந்த எதையும், சம்பல் பொட்டலமாக இருந்தாலும், ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது, முறுக்குக்குத் தடையில்லை. காலையில் கிளம்பும் முன்பு பாதை திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க வேண்டும். பலத்த காற்றில் பேருந்துகள் நிறுத்தப்படும். அப்படி ஒரு நாள் வந்தால் ஈடுகட்ட, பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விட்டிருப்பது அவசியம்.

அன்றிரவு விடுதியில் காலணியின் உள்ளட்டையைக் கழற்றித் தனியே வைத்து, கசக்கிய செய்தித்தாளை நுனி வரை திணித்து, ஒரு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றினால் காலைக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். வெப்பமூட்டியின் மேல் வைத்தால் ஒட்டிய அடிப்பாகம் பிரிந்துவிடும். கோலாலம்பூர் திரும்பியதும் மேலங்கியை மென்மையான சவர்க்காரத்தில் அலசி, நிழலில் முழுமையாக உலர்த்தி, மடிக்காமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுகக் கட்டி அலமாரியின் அடியில் வைத்தால், அடுத்த சித்திரைக்குள் அதன் உட்பூச்சு பிசுபிசுத்துவிடும்.